கையைக் காட்டாதே, வாயைத் திற

என் தம்பிக்கு அம்மாவைக் கூப்பிட ஒரு வழி இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, எதையோ உருட்டுவதுபோல் மெதுவாகத் தேய்ப்பான். பீடி சுற்றுகிற விரல்கள் அவை. அப்பாவுக்கு மீசை முறுக்குவான். ஆச்சிக்குத் தன் காதுமடலைப் பிடித்துக் கீழே இழுப்பான். ஆச்சியின் காதில் பாம்படம் ஆடிக்கொண்டிருக்கும். நான் என்றால் தோளுக்கு முன்னால் இரண்டு கையும் இறங்கும், ரெட்டைச் சடை. ஆற்றுக்குப் போக வேண்டுமென்றால் உள்ளங்கையை அலையவிட்டு, பிறகு என் பாவாடையைப் பிடித்து இழுப்பான்.

1974-ஆம் வருடம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். அவனுக்கு 3 வயது, எனக்கு 11. அதுவரை அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

வராததைப் பற்றி வீட்டில் பெரிய கவலை ஆரம்பத்தில் இல்லை. "ஆம்பளப் பிள்ள மெள்ளத்தான் பேசும்" என்றார்கள். "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்றார் பெரியப்பா. எல்லாரையும்விட ஆச்சி சொன்னதுதான் வீட்டில் நின்றது. "ஸ்ரீவைகுண்டத்துல குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசலியே. செந்தூர் முருகன் பேச வச்சாம்லா. இவனும் பேசுவான். பொறு தாயி."

தாமிரபரணிக் கரையில் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது. பதினேழாம் நூற்றாண்டில் பிறந்த அந்தக் குழந்தை 5 வயது வரை ஊமையாக இருந்ததாகவும், திருச்செந்தூர்ச் சந்நிதியில் வாய் திறந்ததாகவும் சொல்வார்கள். நாங்களும் தம்பியைத் தூக்கிக்கொண்டு செந்தூருக்குப் போனோம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினோம். கிளி கொத்திய கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தோம். முருகன் மேல் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் பாதியைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று பின்னாளில் தோன்றியது. பிள்ளை பேசவில்லை என்று தெரிந்ததும் பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை, தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது அதன் ஒரு பாதி. 5 வயது வரை பொறுத்திரு என்பதை மட்டும் நாங்கள் மனதில் வைத்துக்கொண்டோம்.

அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்று யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது. கோயில் கொடையில் மேளம் அடித்தால் திரும்பிப் பார்ப்பான். தெருவில் லாரி வந்தால் ஓடிப்போய் வாசலில் நிற்பான். தரையின் அதிர்வு காலில் ஏறுவதையும், மேளத்தின் அதிர்வு நெஞ்சில் இடிப்பதையும் நாங்கள் கேட்பது என்று நினைத்துக்கொண்டோம். மேளத்துக்குத் திரும்புகிறவனுக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. மைசூரில் பேச்சுக்கும் கேட்புக்குமான அகில இந்திய நிறுவனம் 1965-லேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அதன் பெயர்கூட வந்து சேரவில்லை.

4 வயதில் அவனை ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் தொண்டையைப் பார்த்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார். காதைப் பார்க்கவில்லை. தம்பி அம்மாவைப் பார்த்து விரலைத் தேய்த்ததைக் கவனித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "கைய காட்ட விட்டா வாய்ப்பேச்சு வராது. வாயத் தொறந்து கேட்டாத்தான் எதையும் குடுக்கணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டம். "கையைக் காட்டாத, வாயத் தொற."

ஒரு மத்தியானம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பட்டாசலில் அம்மா மடியில் சுளகோடு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி வந்து செம்பைக் காட்டினான். அம்மா செம்பை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "தண்ணி சொல்லு. தண்ணி. தண்ணி சொல்லுய்யா" என்றாள். அவன் அவளுடைய உதட்டையே பார்த்தான். தன் உதட்டையும் திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. மறுபடி கையை நீட்டினான். அம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். பலமாக இல்லை, புகையிலைத் தூள் ஒட்டிய விரல்களால் லேசாக. "தண்ணி" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். அவன் திரும்பிப் புறவாசலுக்குப் போனான். நான் பின்னால் போனேன். மாட்டுத் தொட்டியில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா அன்று ராத்திரி அழுதாள். அவளுக்குப் பிள்ளை மேல் பாசம் குறைவா? பெரியவர்கள் சொன்னதைச் செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு தம்பி எங்களிடம் தண்ணீர் கேட்கவே இல்லை. கொஞ்ச நாளில் சோறும் கேட்பதில்லை. வைத்தால் சாப்பிடுவான். பேச்சு வரட்டும் என்று கையைத் தடுத்தோம், கேட்பதையே நிறுத்திவிட்டான். என்னிடம் மட்டும், படித்துறையில் யாரும் இல்லாத நேரத்தில், விரல்களால் பேசுவான். எனக்கு அவனுடைய முப்பது நாற்பது சொற்கள் தெரியும். அவற்றைச் சொற்கள் என்று சொல்லலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

1977-இல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். மணியடித்தார். கைதட்டினார். அவன் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு 6 வயது. சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடப் பெரிய ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர்: அதுதான் அன்றைய காது மிஷின். அதில் அவனுக்கு ஏதோ கொஞ்சம் கேட்டது. ஆனால் மூளை ஒலியைச் சொல்லாகப் பிரித்துப் பழகுகிற அருமையான வருடங்கள் போய்விட்டிருந்தன.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இருக்கிறது. ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம். 6 வருடம் அது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அங்கே சேர்ந்த பிறகு, தன்னைப் போன்ற பிள்ளைகளின் நடுவில் அவனுடைய கைகள் மறுபடி திறந்தன. இன்று அவன் நல்ல தையற்காரன். திருநெல்வேலி டவுனில் அவன் தைத்த ரவிக்கைக்காகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பேச்சு சில சொற்கள்தான்.

கையைத் தடுத்தது எங்கள் வீடு மட்டுமில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காதுகேளாதோர் கல்விக்கான மாநாடு கூடி, சைகையைவிட வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. கனடாவின் வான்கூவரில் 2010-இல் கூடிய அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருடம்.

இன்னொரு செய்தியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1977-இல், தம்பியை ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப்போன அதே வருடம், சூசன் கோல்டின்-மெடோ, ஹைடி ஃபெல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த, காது கேளாத 6 குழந்தைகள். யாரும் அவர்களுக்குச் சைகை மொழி சொல்லித்தரவில்லை. அவர்களே சைகைகளை உண்டாக்கி, ஒன்றோடொன்று கோத்து, மொழியைப் போன்ற ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கை அலைந்தால் ஆறு. பிறகு பாவாடையை இழுத்தால் வா. நான் சின்ன வயதில் படித்துறையில் பார்த்தது அதைத்தான்.

*

2023. என் மகளின் பிள்ளைக்கு 2 வயது முடிந்து ஒரு மாதம். பாளையங்கோட்டையில் அவர்கள் வீடு. "மா", "பா", "ங்கா" என்று மூன்று சத்தம் உண்டு. வேறு சொல் கிடையாது. எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. வேண்டியது மேலே இருந்தால் அதன் கீழே நின்று அழுவான். கைபேசியில் ஆங்கிலப் பாட்டு ஓடினால் அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

அக்கம்பக்கத்தில் ஒரு சொல் கிளம்பிற்று: "கொரோனா சமயத்துப் பிள்ளைகெல்லாம் லேட்டாத்தான் பேசும்." எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. மகளிடம் சொன்னேன், "நாளைக்குக் காலையில காது டெஸ்ட். மத்ததெல்லாம் பிறகு."

அவனைத் தூங்கவைத்துக் காதில் ஒரு சின்னக் குமிழை வைத்து ஒரு சோதனை எடுத்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி, ஒலி மூளைக்குப் போகிறதா என்று இன்னொரு சோதனை, பெரா என்கிறார்கள். பிறந்து 1 மாதத்துக்குள் காதுச் சோதனை, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது என்பதுதான் இன்றைய கணக்காம். என் தம்பிக்கு அது 6 வருடம். காது முழுக்கக் கேட்காத குழந்தைக்கு இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் அறுவைசிகிச்சை செய்கிறார்கள். பேரனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொன்னார்கள். அந்த நடைபாதையில் எனக்கு நிம்மதியும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அடுத்தது ஸ்பீச் தெரபிஸ்ட். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் அந்தப் பெண் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். 26 வயது இருக்கும். அவன் முகத்துக்கு நேரே தன் முகம் வருகிறபடி குனிந்துகொண்டாள். அரைமணி நேரம் அவள் அதிகம் பேசவே இல்லை. மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் திருகினான், தட்டினான், அழுதான். அவள் சிரித்த முகத்தோடு, கைகளை விரித்து அவன் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தாள். அவன் டப்பாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். டப்பாவை அவள் கையில் வைத்தான். அந்த நொடியே "திற!" என்று சொல்லி, விரலை விரித்துக் காட்டி, திறந்து கொடுத்துவிட்டாள்.

"பாத்தீங்களாம்மா, கேட்டுட்டான்" என்றாள்.

"அவன் ஒண்ணும் சொல்லலியே மேடம்" என்றாள் என் மகள்.

"என் கண்ணைப் பாத்தான், டப்பாவை என் கையில குடுத்தான். அதுதான் அவனோட இன்னைக்கு வார்த்தை. நாம அதுக்குப் பதில் சொன்னாத்தான் நாளைக்கு அடுத்தது வரும்."

பிறகு எங்களிடம் அவள் சொன்ன முதல் வேலை: "கையால காட்டச் சொல்லிக் குடுங்க. 'தா'ன்னா உள்ளங்கையை நீட்டணும். வேண்டாம்னா தலையை ஆட்டணும். டாட்டா, வா, இன்னும். நீங்க வாயாலயும் சொல்லணும், கையாலயும் காட்டணும்."

நான் கேட்டுவிட்டேன். "கையைக் காட்ட விட்டா வாய்ப்பேச்சு வராதுன்னு சொல்லுவாங்களே?"

அவள் பொறுமையாக விளக்கினாள். குழந்தை முதலில் விரலால் காட்டிய பொருளின் பெயர்தான் பிறகு வாயில் வருகிறது. ஒரு சொல்லும் ஒரு சைகையுமாகச் சேர்த்துச் சொல்லத் தொடங்குகிற குழந்தைதான் அடுத்ததாக இரண்டு சொல்லைச் சேர்க்கிறது. ஜானா ஐவர்சன் என்ற ஆய்வாளர் 2005-இல் இதைக் காட்டினார். கூட எழுதியவர் அதே சூசன் கோல்டின்-மெடோ. பேசவே வராத குழந்தைகளுக்குக்கூடச் சைகையோ படமோ கொடுத்தால் பேச்சு குறைவதில்லை. 2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பத்தக்க சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பத்தில் ஒன்பது பேருக்குக் கூடியிருந்தது. அதே கூடத்தில் ஒரு சிறுமி படஅட்டைகளை எடுத்து நீட்டித் தன் அம்மாவிடம் ஊஞ்சல் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு பையன் சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் படத்தைத் தொட, அது அவனுக்காகப் பேசியது. கேட்கிற வழி எதுவானாலும், கேட்டது கிடைக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் மாற்றிக்கொண்டவை சின்னச் சின்னக் காரியங்கள். கைபேசியை எடுத்து அலமாரியில் வைத்தோம். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. மழலையர் பள்ளி ஒன்று வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருந்தது. தெரபிஸ்ட் அதை விடச் சொன்னாள். வீட்டில் எந்த மொழி தாராளமாக வருகிறதோ அதில் பேசுங்கள், இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்றாள். "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைப்பதை நிறுத்தினோம். அதற்குப் பதில் அவன் பார்க்கிறதைப் பார்த்து, "காக்கா. காக்கா பறக்குது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டோம். ஒரு கையில் வாழைப்பழம், ஒரு கையில் முறுக்கு என்று நீட்டி எது வேண்டும் என்று அவனைத் தேரவிட்டோம். "பா" என்றால் "பால்" என்போம். "பால்" வந்த பிறகு "பால் வேணும்" என்போம். அவன் இருக்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு படி மேலே.

எல்லாவற்றிலும் கடினமானது, எதையும் சொன்ன பிறகு மனதுக்குள் பத்து எண்ணுவது. ஆறு எண்ணுவதற்குள் கை தானாகச் செம்பை எடுத்துவிடும். அவனுக்குத் தாகம் எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்துப் பழகியவள் நான். தம்பிக்கு நடந்தது அந்த அளவுக்கு என் உள்ளே இருந்தது. கொடுத்துக்கொண்டே இருந்தால் அவனுக்குக் கேட்கத் தேவை எங்கே வரும் என்று அந்தப் பெண் கேட்டபோதுதான் உறைத்தது. கூடவே இன்னொன்றும் சொன்னாள்: "பத்து எண்ணியும் வரலைன்னா குடுத்துடணும். பேர் சொல்லிக் குடுக்கணும். பிடிச்சு வச்சுக்கிட்டு சொல்லு சொல்லுன்னு நிக்கக் கூடாது."

காத்திருப்பது வேறு, பிடித்து வைப்பது வேறு. செம்பை முகத்துக்கு நேரே பிடித்திருந்த அம்மாவிடம் இதை யாராவது அன்று சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் வீட்டுக்குள் பத்து எண்ணலாமே தவிர, டாக்டரிடம் போவதற்கு எண்ணக் கூடாது. 12 மாதத்தில் மழலை ஒலியோ, டாட்டா காட்டுவதோ, விரல் நீட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை. 24 மாதத்தில் தானாகச் சேர்த்த இரண்டு சொல் இல்லை. அல்லது வந்த சொல் எந்த வயதிலாவது நின்றுபோகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளைப் பார்க்கின்றன. அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னாலே மையத்துக்கு வழி சொல்வார்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு பஸ் டிக்கெட்தான் நஷ்டம்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வருவான். பேரனுக்கு அவன் தாத்தா முறை. எங்களுக்கு மையத்தில் வாரக்கணக்கில் சொல்லித்தந்தது எதையும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்ததும் தரையில் உட்காருவான். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பான். முகத்தைப் பார்த்தே வாழ்ந்தவன்.

ஆச்சி எங்களுக்கு விளையாட்டுக் காட்டுவாளே, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கிச் சோறு ஊட்டி, பிறகு நண்டு கையில் ஏறி அக்குளில் கூச்சம் காட்டுவது. அதைத் தம்பி சத்தமில்லாமல் செய்வான். பாட்டு அவனுக்குக் கேட்டதே இல்லை. விரல்கள் மட்டும் மணிக்கட்டைத் தாண்டி ஊர்ந்து வரும். முழங்கையில் வந்து நின்றுவிடும். அங்கேயே நிற்கும். புருவத்தைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தபடி இருப்பான். நானாக இருந்தால் மூன்றாவது எண்ணிக்கையில் கூச்சம் காட்டியிருப்பேன். அவன் அசைய மாட்டான். முதல் ஞாயிறு பிள்ளை சிரித்துவிட்டுக் கையை உருவிக்கொண்டான். மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு, நின்றுபோன விரல்களைப் பார்த்தான், தாத்தாவின் கண்ணைப் பார்த்தான், அந்த விரல்களைப் பிடித்து மேலே தள்ளினான். அப்போதுதான் நண்டு ஏறியது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அன்று சாயங்காலம் தம்பி என்னைக் காட்டி, தன் காதுமடலை இழுத்துக் காண்பித்தான். எனக்குப் பாம்படம் கிடையாது, சின்னத் தோடுதான். ஆனால் ஆச்சிக்கு அவனிடம் வேறு சொல் இல்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்து, நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது படியில் ஏறி வந்து நின்று, தன் காதைப் பிடித்து இழுத்தான். போன வாரம் தம்பி காட்டியதற்கு முன், அந்தச் சைகையை நான் கடைசியாகக் கண்டது எங்கள் ஆச்சி இருந்த காலத்தில்.

"எய்யா, ஆச்சிதான். ஆச்சி வந்துட்டேன்" என்று காதைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன்.

சில மாதத்தில் காதோடு "ஆ" வந்தது. பிறகு "ஆச்சி" முழுதாக வந்தது. இப்போது 3 வயது தாண்டிவிட்டது. "ஆச்சி வா", "தாத்தா நண்டு" என்று இரண்டு சொல்லாகச் சேர்க்கிறான். அவன் வயதுப் பிள்ளைகள் கதையே சொல்கிறார்கள். இவன் போக வேண்டிய தூரம் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் மையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

வாய் "ஆச்சி" என்று சொல்லும்போதே கை காதுக்குப் போகிறது. கையை இறக்கு என்று இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.